58-க்கும் 70-க்கும் நடுவே: பென்ஷன், பி.எஃப். பணம், மருத்துவக் காப்பீடு – எதை முதலில் முடிவு செய்வது?

தனியார் வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெறப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. பி.எஃப். பணத்தை எங்கே போடலாம்? பென்ஷனை இப்போதே வாங்கிக்கொள்ளலாமா, 60 வரை தள்ளிப்போடலாமா? இவற்றுக்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான், "ஆமாம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவ ஏற்பாடு எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பென்ஷனும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அரசுக் காப்பீட்டு அட்டை கிடைக்குமா கிடைக்காதா என்பது அமைகிறது. தனியார் பாலிசி எடுத்தாலோ, அதே வருமானத்திலிருந்துதான் பிரீமியம் போக வேண்டும். மூன்றும் பின்னிக் கிடப்பதால், ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்து முடிவெடுத்தால் அது இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

இங்கே நான் பேசுவது தமிழ்நாட்டில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்த்து, 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் (பேச்சுவழக்கில் பி.எஃப். பென்ஷன்) பென்ஷன் வாங்கப்போகிறவர்களைப் பற்றி. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஓய்வூதியத்திலேயே சந்தா பிடித்துக்கொள்ளும் தனிக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. அவர்களுடைய கணக்கு வேறு.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், மனைவியின் வயது. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. 70 வயதானால் வருமானம் எதுவும் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய்க்கு அரசுக் காப்பீடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது 70 ஆனவருக்கு மட்டும். கணவருக்கு 58, மனைவிக்கு 53 என்றால், கணவர் 12 ஆண்டு தாக்குப்பிடித்தால் போதும். மனைவிக்கோ 17 ஆண்டு வேண்டும்.

இரண்டாவது, இப்போது இருக்கும் நோய்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட் ஆகியவை எந்த நாளிலிருந்து காப்பீட்டுக்குள் வரும்?

மூன்றாவது, மருத்துவமனையில் சேராமல் ஆகும் செலவு. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ். 60 வயதுக்கு மேல் மாதாமாதம் கையைக் கடிப்பது இதுதான்.

நான்காவது, ஆண்டுச் செலவு. இந்த ஆண்டு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. பத்தாவது ஆண்டில் எவ்வளவு ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இந்த ஏற்பாடு யாரை நம்பி நிற்கிறது? உங்களையா, மகனுடைய வேலையையா, வருமானச் சான்றிதழையா?

## ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்

எண்கள் இல்லாமல் பேசினால் பிடிபடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 1995 டிசம்பரில் சேர்ந்து, 30 ஆண்டு முடித்து 58 வயதில் வெளியே வருகிறார். மனைவிக்கு 53. மகன் தனிக் குடும்பம், தனி ரேஷன் கார்டு. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 18 லட்சம் வருகிறது.

பென்ஷன் எவ்வளவு வரும்? பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், 35 ஆண்டுக்கு 7,500 என்று பலர் மனக்கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி வராது. அந்த 15,000 வரம்பு வந்தது 2014 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாய் வரம்பில்தான் கணக்கு. ஆக இவருக்கு முதல் பதினெட்டே முக்கால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,740 ரூபாய், பிந்தைய பதினொன்று சொச்சம் ஆண்டுக்கு 2,400 ரூபாய். 20 ஆண்டுக்கு மேல் சேவை உள்ளவர்களுக்குச் சேர்க்கப்படும் 2 ஆண்டு போனஸையும் கூட்டினால் 4,500 ரூபாயை ஒட்டி நிற்கும். வரம்பைப் பார்க்காமல் முழுச் சம்பளத்துக்குமான அதிக பென்ஷனுக்கு விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இந்த 4,500 ரூபாய்க்கு அகவிலைப்படி கிடையாது. இன்றைக்கு 4,500 என்றால் 75 வயதிலும் 4,500. அவருக்குப் பிறகு மனைவிக்கு இதில் பாதி, அதாவது 2,250. பிரீமியமோ ஆண்டுக்கு ஆண்டு ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டு மருத்துவ வழிகளைப் பார்க்கலாம்.

## வழி 1: ஆண்டுக்கு 120 ரூபாயில் ஈ.எஸ்.ஐ.

ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) குறைந்தது 5 ஆண்டு இருந்து, அந்த நிலையிலேயே ஓய்வு பெற்றவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி தொடரும். விருப்ப ஓய்வில் வந்தவர்களுக்கும் இது உண்டு. அவர் இறந்த பிறகும் மனைவி அதே 120 ரூபாயைக் கட்டித் தொடரலாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை. மாத்திரையும் புறநோயாளிச் சிகிச்சையும் இதில் அடக்கம். 120 ரூபாய்க்கு இவ்வளவு தரும் ஏற்பாடு வேறு எதுவும் இல்லை. ஆனாலும் ஆலையிலிருந்து வெளியே வரும்போது இதைச் சொல்லி அனுப்ப ஆள் இல்லாததால், தகுதி உள்ள பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மறைமுக விலை தூரமும் காத்திருப்பும்தான். கே.கே. நகர், அயனாவரம், கோவை சிங்காநல்லூர் போன்ற பெரிய ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கு அருகில் இருப்பவருக்கு இது வரம். ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்கு, பக்கத்தில் மருந்தகமே இல்லாத ஊருக்குப் போகிறவருக்கு அவ்வளவு பயன்படாது. இதய அறுவை, புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளில் ஓய்வு பெற்றவர்களை வெளி மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்களா என்பதைக் கிளை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் ஓய்வுக்கு முன்பே ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறியவர்களுக்குப் பழைய விதிப்படி இது கிடையாது. 2012 ஏப்ரலுக்குப் பின் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, 2017 ஏப்ரலுக்குப் பின் 30,000 ரூபாய் வரையிலான சம்பளத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் வசதியை நீட்டிக்க ஈ.எஸ்.ஐ. கழகம் 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது. அந்த வரம்புக்குள் வருகிறவர்கள் பழைய காப்பீட்டு எண்ணோடு கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். "எனக்கு எப்பவோ போயிடுச்சு" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

## வழி 2: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். பிரீமியம் கிடையாது. பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஏற்கெனவே இருக்கும் நோயும் அடங்கும், மனைவிக்கும் சேர்த்து. நிபந்தனை ஒன்றுதான்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பென்ஷனும் காப்பீடும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். நம் அம்பத்தூர்க்காரருக்குப் பென்ஷன் மட்டும் ஆண்டுக்கு 54,000. மீதி இடம் 66,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போதைய வட்டி 8.2 சதவீதம். அதில் 8 லட்சம் போட்டாலே ஆண்டு வட்டி 65,600 வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு லட்சமும் அவரை வரம்புக்கு வெளியே தள்ளும். அவர் 15 லட்சம் போட்டால் வட்டி 1,23,000. பென்ஷனோடு சேர்த்து 1,77,000. அட்டைக்கு இடமில்லை.

அதாவது 7, 8 லட்சத்தோடு வெளியே வருகிறவருக்கு இந்த அட்டை கிடைக்கும். 15 லட்சத்தோடு வருகிறவர் அதை இழப்பார், ஆனால் அந்தக் கூடுதல் வட்டியில் பெரும்பகுதியைத் தனியார் பிரீமியத்துக்கே கொடுக்க வேண்டியிருக்கும். நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் இவர்கள்தான். அரசு இந்த வரம்பை உயர்த்தினால் முதலில் பலன் பெற வேண்டியவர்களும் இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

வேலையில் இருந்தபோது எடுத்த அட்டை பழைய வருமானச் சான்றிதழை வைத்து எடுத்ததாக இருந்தால், இப்போதைய வருமானத்துக்குப் புதுச் சான்றிதழ் வாங்குங்கள். சம்பளம் நின்றுபோனதால் வருமானம் குறைந்து புதிதாகத் தகுதி பெறுகிறவர்களும் உண்டு. உண்மையான வருமானத்தைச் சொல்லியே வாங்குங்கள். அறுவைக்கு முந்தைய நாள் அட்டையில் சிக்கல் வருவதைவிடக் கொடுமை வேறில்லை.

மறைமுக விலை: பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான் செல்லும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை இதில் வராது. அதற்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதற்கு வருமான வரம்பு இல்லை, அரசு மருத்துவமனைக்கும் இல்லை. கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை போன்றவற்றை நடுத்தர வர்க்கம் தனக்கானதல்ல என்று ஒதுக்கத் தேவையில்லை.

## வழி 3: கம்பெனி குரூப் பாலிசியிலிருந்து சொந்தப் பாலிசிக்கு

கம்பெனியில் குரூப் காப்பீடு இருந்தால், வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக் கேட்கலாம். அப்படி மாறினால் குரூப்பில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழியும். சர்க்கரை நோயாளிக்கு இது பெரிய விஷயம். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். இந்த வரம்பு முன்பு 4 ஆண்டாக இருந்தது, 2024-இல் குறைத்தார்கள். 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி இல்லை என்ற பழைய நிலையும் அப்போதே மாறியது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. இவையெல்லாம் நல்ல செய்திகள்தான்.

சரி, விலை? 5 லட்சத்துக்கு இருவருக்கும் சேர்த்து முதல் ஆண்டு 40,000 என்று வைத்துக்கொள்வோம். மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்த வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. பாதுகாப்பு என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் 10 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாவது ஆண்டில் பிரீமியம் 1,14,000. பன்னிரண்டு ஆண்டில் மொத்தம் ஏறக்குறைய எட்டரை லட்சம். அவருடைய ஆண்டு வருமானமோ அதே 1,77,000-த்தில் நிற்கிறது. முதல் ஆண்டில் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்த பிரீமியம், கடைசியில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். பெரும்பாலோர் பாலிசியைக் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான், அதாவது அது மிகவும் தேவைப்படும் வயதில்.

பில் வரும்போது தெரியும் செலவு ஒன்று இருக்கிறது. மூத்தோர் பாலிசி பலவற்றில் கோ-பே (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது) உண்டு, ரூம் வாடகை வரம்பும் உண்டு. மூட்டு அறுவைக்கு மொத்தம் 2,40,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். பாலிசியில் ரூம் வரம்பு நாளுக்கு 5,000. காலியாக இருந்தது 8,000 ரூபாய் அறைதான், அதில் சேர்ந்துவிட்டார்கள். உடனே வாடகை வித்தியாசம் மட்டும் போகும் என்று நினைப்போம். அப்படியல்ல. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காக வெட்டுவார்கள். அந்த வகையில் 1,60,000 இருந்தால் 1,00,000 மட்டும் கணக்கில் வரும். மருந்து, உள்ளே பொருத்தும் சாதனம் போன்ற 80,000-இல் இந்த வெட்டு இல்லை. ஆக 1,80,000. அதில் 20 சதவீதம் கோ-பே 36,000. காப்பீடு தருவது 1,44,000, கையிலிருந்து 96,000. 5 லட்சம் பாலிசி வைத்திருந்தும் இந்த நிலை. பாலிசி வாங்கும்போது பிரீமியத்துக்கு முன்னால் இந்த இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள்.

இதில் எனக்குச் சரியாகப் படுவது: கையில் 3 லட்சத்தை மருத்துவத்துக்கென்றே ஒதுக்கிவிட்டு, 3 லட்சத்துக்கு மேல் ஆகும் செலவைத் தாங்கும் சூப்பர் டாப்-அப் பாலிசியை எடுப்பது. பிரீமியம் கணிசமாகக் குறையும். சின்னச் செலவு சொந்தப் பணத்தில், வீட்டை விற்க வைக்கும் செலவு காப்பீட்டில். ஆனால் இதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், கம்பெனி பாலிசி உயிரோடு இருக்கும்போதே, 55 வயதிலேயே எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது இருக்கும் நோயை மறைக்காதீர்கள்.

## வழி 4: மகன் அல்லது மகளின் கம்பெனிக் காப்பீடு

பல ஐ.டி. நிறுவனங்கள் பெற்றோரைச் சேர்க்க விடுகின்றன. முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் செல்லும். பிரீமியம் சொந்தப் பாலிசியைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. முதல் மூன்று ஆண்டைக் கடக்க இது நல்ல பாலம்.

ஆனால் பிள்ளை வேலை மாறினால், வேலை போனால், கம்பெனி பெற்றோர் காப்பீட்டை நிறுத்தினால், அன்றோடு முடிந்தது. அப்போது உங்களுக்கு 64 வயது, காத்திருப்புக் காலம் முதலிலிருந்து. அதனால் இதை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல. இது இருக்கும் காலத்திலேயே சொந்தப் பாலிசியோ சூப்பர் டாப்-அப்போ எடுத்துக் காத்திருப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

## 70-க்குப் பிறகு

2024 அக்டோபர் 29-இல் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு இல்லை, ஆதார் போதும். ஆண்டுக்கு 5 லட்சம். வீட்டில் இருவரும் 70 தாண்டியிருந்தால் அந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் பாலிசியோ ஈ.எஸ்.ஐ.யோ இருந்தாலும் இது கிடைக்கும். மத்திய அரசு சுகாதாரத் திட்டம், முன்னாள் படைவீரர் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் அது வேண்டுமா, இது வேண்டுமா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அட்டை கையில் இருப்பது வேறு, நீங்கள் போகும் மருத்துவமனை அதை ஏற்பது வேறு. வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனை ஏற்கிறது என்பதை அங்கே உள்ள காப்பீட்டு கவுன்டரில் நேரில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் பழைய பாலிசியை நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். நிறுத்தும்போதும் கணவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மனைவிக்குத் தொடர முடியுமா என்று கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஈ.எஸ்.ஐ. (ஓய்வுக்குப் பின்) | முதலமைச்சர் காப்பீடு | சொந்தப் பாலிசி | பிள்ளையின் கம்பெனிக் காப்பீடு |
|---|---|---|---|---|
| ஆண்டுச் செலவு | 120 ரூபாய் | இல்லை | அதிகம், ஏறிக்கொண்டே போகும் | கம்பெனியைப் பொறுத்தது |
| பழைய நோய் | உடனே | உடனே | 3 ஆண்டு வரை காத்திருப்பு | பெரும்பாலும் உடனே |
| மாத்திரை, புறநோயாளி | உண்டு | இல்லை | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் இல்லை |
| மனைவி | உண்டு, கணவருக்குப் பிறகும் | உண்டு | சேர்த்தால் உண்டு | சேர்த்தால் உண்டு |
| எதனால் போகும் | ஆண்டுப் பணம் கட்ட மறந்தால் | வருமானம் 1,20,000 தாண்டினால் | பிரீமியம் கட்ட முடியாவிட்டால் | பிள்ளையின் வேலை போனால் |

## பென்ஷன்: 58-இலா, 60-இலா?

மருத்துவ வழி முடிவான பிறகுதான் இந்தக் கேள்வி. 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் பென்ஷன் கூடும். 4,500 ரூபாய் ஏறக்குறைய 4,865 ஆகும். மாதம் 365 ரூபாய் கூடுதல். அதற்காக 24 மாதப் பென்ஷனான 1,08,000 ரூபாயை விடுகிறோம். விட்டதைத் திரும்ப எடுக்க 24 ஆண்டுக்கு மேல் ஆகும். 84 வயது தாண்டிவிடும். வேலையை விட்டுவிட்டுச் சும்மா தள்ளிப்போடுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

அதே நிறுவனம் 60 வரை வேலை தந்து, பென்ஷன் பங்களிப்பும் தொடர்ந்தால் கணக்கு மாறும். 2 ஆண்டுச் சேவையும் கூடுவதால் பென்ஷன் 5,300-ஐத் தொடும். விட்ட பென்ஷனோடு, பி.எஃப்.-க்குப் போகாமல் பென்ஷனுக்குப் போகும் மாதம் 1,250 ரூபாயையும் சேர்த்தால் விட்டது 1,38,000. அதைப் பதினான்கு ஆண்டில் எடுத்துவிடலாம். சம்பளம் வரும் அந்த இரண்டு ஆண்டில் கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து நீடிக்கும் என்றால், நான் 60-ஐத் தேர்ந்தெடுப்பேன். பென்ஷன் கூடுவதைவிட அந்த இரண்டு ஆண்டுக் காப்பீடுதான் அதில் பெரிய லாபம்.

50 வயதிலிருந்தே குறைந்த பென்ஷன் வாங்கலாம், ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு. வேறு வருமானமே இல்லாதவர் தவிர மற்றவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். வெட்டு ஆயுள் முழுக்க நிற்கும், மனைவியின் பாதிப் பென்ஷனும் அந்த வெட்டிய தொகையிலிருந்துதான்.

## பி.எஃப். பணம்

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயது ஆக வேண்டும் என்று தபால் நிலையத்தில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 55 முடிந்து ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் அதற்கான சான்றோடு போனால் சேரலாம். 30 லட்சம் வரை போடலாம். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை. மனைவியைக் கூட்டாகச் சேர்க்க அவருக்கு வயது வரம்பு இல்லை. கணவருக்குப் பிறகு அவர் கணக்கைத் தொடரலாம். அவசியம் சேருங்கள்.

மாதாமாதம் பணம் வேண்டும் என்றால் தபால் நிலைய மாத வருமானத் திட்டம்: கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை, 7.4 சதவீதம். ஆயுள் முழுவதற்கும் ஆனுவிட்டி (மொத்தமாகப் பணம் கட்டி, பென்ஷன் போல் தவணையாக வாங்குவது) வாங்கச் சொல்லி முகவர்கள் வருவார்கள். ஒருமுறை வாங்கினால் அவசரத்துக்கு அந்தப் பணத்தை எடுப்பது கடினம், தொகையும் ஏறாது. ஏறாத பென்ஷன் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவக் காப்பீடு உறுதியாகாதவர் இன்னொன்றை வாங்கக் கூடாது.

வரிக்காகப் பயப்பட வேண்டாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. 60 வயது ஆனவருக்கு வட்டி ஆண்டுக்கு 1 லட்சம் தாண்டினால் வரிப் பிடித்தம் செய்வார்கள், 60 ஆகாதவருக்கு 50,000 தாண்டினாலே பிடிப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்ற உறுதிமொழியை ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள். மகளிர் உரிமைத் தொகை வாங்கும் குடும்பங்கள் மட்டும் இரண்டரை லட்ச ஆண்டு வருமான வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்தை முழுதாகப் போட்டால் வட்டியே 2,46,000.

1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கானது. பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

## யாருக்கு எது?

ஈ.எஸ்.ஐ.யில் இருந்தபடி ஓய்வு பெறுகிறவர், மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் 120 ரூபாயைக் கட்டிவிடுங்கள். கையில் 8 லட்சத்துக்குள் வருகிறவர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டு, முழுப் பணத்தையும் சேமிப்புத் திட்டத்தில் போடலாம்.

8 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் முடிவு கடினம். இவர்களுக்கு நான் சொல்வது: 3 லட்சத்தை வங்கியில் தனியே மருத்துவத்துக்கு வையுங்கள். சூப்பர் டாப்-அப் எடுங்கள். பிள்ளையின் காப்பீடு இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். வட்டியை முழுதாகச் செலவழிக்காமல், ஏறப்போகும் பிரீமியத்துக்கு முதல் ஆண்டிலிருந்தே ஒரு பகுதியை ஒதுக்குங்கள். 25, 30 லட்சம் உள்ளவர் ரூம் வரம்பும் கோ-பேயும் இல்லாத முழுப் பாலிசியைத் தாங்கலாம்.

மனைவி ஐந்து வயதுக்கு மேல் இளையவர் என்றால், இருவருக்கும் ஒரே பாலிசி எடுக்காமல் தனித்தனியாக எடுப்பது நல்லது. மூத்தவரின் வயதை வைத்துத்தான் கூட்டுப் பாலிசியின் பிரீமியத்தைப் போடுவார்கள். தனியாக இருந்தால் இளையவர் தன் பாலிசியை நீண்ட காலத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுபோகலாம்.

## கடைசி மூன்று மாதம்

வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் குரூப் பாலிசியை மாற்ற எழுத்தில் கேளுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று இருவருக்கும் பாருங்கள். பென்ஷன் விண்ணப்பமான 10-டி படிவத்தில் மனைவியின் விவரமும் இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படமும் சரியாகப் போக வேண்டும். விதவைப் பென்ஷன் தாமதமாகும் இடம் இதுதான். ஈ.எஸ்.ஐ. எண்ணையும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற நிறுவனக் கடிதத்தையும் வாங்கி வையுங்கள். நிறுவனம் மூடிவிட்டால் பிறகு அந்தக் கடிதத்தைக் கேட்க ஆள் இருக்காது. உங்கள் 70-ஆவது பிறந்தநாளையும் மனைவியின் 70-ஆவது பிறந்தநாளையும் ஒரே தாளில் எழுதி, நடுவில் உள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே, யாருக்கு எந்த அட்டை என்று குறித்து வையுங்கள். காலியாக நிற்கும் ஆண்டுகளுக்குத்தான் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.